ஒட்டிய உறையும் கைபேசிச் செய்தியும்

வேற்று மாநிலத்தில் குடியேறி வாழும் தமிழருக்கும் ஊரிலுள்ள உற்றார் உறவினருக்கும் இடையே கடிதம் ஒன்றே பாலமாக இருந்த காலம் உண்டு. ரயில்வேயிலும் படைத்துறை அலுவலகங்களிலும் பணியாற்றும் பொருட்டுச் செகந்திராபாத்துக்கு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் அந்நாளில் ஒரு நுட்பத்தை இயல்பாகவே அறிந்திருந்தன. "இங்கு யாவரும் க்ஷேமம், குழந்தைக்குப் பரீட்சை முடிந்தது" என்பன போன்ற செய்திகளை அஞ்சலட்டையில் எழுதுவர். பெண்ணுக்கு வந்த வரன், தம்பி பட்ட கடன், தாயாரின் நோய், நிலத்துப் பாகப்பிரிவினை ஆகியவற்றை உறையிலிட்டு ஒட்டி அனுப்புவர். உறையை ஒட்டியவரைப் பார்த்து, "நீர் எந்தக் குற்றத்தை மறைக்கிறீர்?" என்று எவரும் கேட்டதில்லை. எல்லோரும் படிக்கத்தக்கது இது, உரியவர் மட்டும் படிக்கத்தக்கது இது என்று பிரித்தறிவது குடும்ப வாழ்க்கையின் ஒழுங்கு என்றே கருதப்பட்டது.

இன்று மாதாப்பூரிலும் காச்சிபௌலியிலும் கணினி நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞரும், செகந்திராபாத்தில் இரண்டு மூன்று தலைமுறையாக வேரூன்றிய குடும்பத்தாரும் கடிதம் எழுதுவது அரிதாகிவிட்டது. மருத்துவரின் அறிக்கை, வங்கிப் புத்தகத்தின் படம், ஆதார் அட்டை, குழந்தைகளின் நிழற்படம், கணவன் மனைவி ஊடல் எல்லாம் கைபேசி வழியாகவே ஊருக்குச் செல்கின்றன, ஊரிலிருந்து வருகின்றன. வசதி பெருகியது உண்மை. ஆயினும் அட்டை எது, உறை எது என்று பிரித்தறியும் பழைய பழக்கம் நம்மிடம் குறைந்துவிட்டது. எந்தச் செயலி அஞ்சலட்டையைப் போன்றது, எது ஒட்டிய உறையைப் போன்றது, உறையை ஒட்டிய பின்னும் நாம் கவனிக்க வேண்டியவை யாவை என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு ஹைதராபாத் நகரமே ஓர் எடுத்துக்காட்டைத் தந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில், கஞ்சா விற்பனையை ஒடுக்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்த நகரக் காவலர்கள், தெருவில் சென்றவர்களையும் இருசக்கர வாகனங்களில் வந்தவர்களையும் நிறுத்தி, அவர்களுடைய கைபேசிகளை வாங்கி, வாட்ஸ்அப் உரையாடல்களில் "கஞ்சா" போன்ற சொற்கள் உள்ளனவா என்று தேடிப் பார்த்தனர். அக்காட்சி ஒளிப்படமாக நாடெங்கும் பரவிற்று. நாங்கள் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை, மக்கள் தாமே ஒத்துழைக்கின்றனர் என்பது காவல்துறை உயர் அலுவலர் ஒருவர் அளித்த விளக்கம். சட்டத்துக்குப் புறம்பான செயல் இது என்று கூறி நகரக் காவல் ஆணையருக்குச் சட்ட அறிவிப்பும் அனுப்பப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத்தூன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வாட்ஸ்அப் உரையாடல்கள் வழியில் எவரும் படிக்க இயலாதவாறு மறைவெழுத்தாகவே செல்கின்றன. அந்த மறைவெழுத்தை அன்று எவரும் உடைக்கவில்லை. உடைக்க வேண்டிய தேவையும் நேரவில்லை. கைபேசியே திறந்த நிலையில் பிறர் கைக்குச் சென்றுவிட்டது. ஆகவே செய்தியின் பாதுகாப்பு என்பது ஒரே பூட்டு அன்று. செய்தி செல்லும் வழி, செய்தியைச் சுமக்கும் நிறுவனம், செய்தி வந்து தங்கும் கை என மூன்று இடங்களிலும் அது காக்கப்பட வேண்டும். இம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, வழி. இங்கு காவல் புரிவது முனைக்கு முனை மறையாக்கம் எனப்படும் முறை. நம்மிடம் திறவுகோல் ஒன்றும், அதற்குரிய பூட்டுகள் பலவும் உள்ளன என்று கொள்வோம். திறந்த பூட்டுகளை நண்பர், உறவினர் யாவருக்கும் கொடுத்துவைக்கிறோம். நமக்குச் செய்தி அனுப்ப விழைவோர் அதனைப் பெட்டியிலிட்டு, நம்முடைய பூட்டால் பூட்டி அனுப்புகின்றனர். பூட்டுவது எவர்க்கும் எளிது. திறப்பதோ திறவுகோல் வைத்திருக்கும் நம் ஒருவருக்கே இயலும். பெட்டியைச் சுமந்து வரும் நிறுவனத்தாரிடமும் திறவுகோல் இல்லை. இந்தப் பூட்டையும் திறவுகோலையும் கணித முறையில் கைபேசியே ஆக்கிக்கொள்கிறது. வாட்ஸ்அப் 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இம்முறையைத் தன் பயனாளர் அனைவருக்கும் விரிவுபடுத்தியது. அதற்கு அடிப்படையான நெறிமுறை, சிக்னல் செயலியை உருவாக்கியோர் வகுத்தது.

இந்த அளவுகோலைக் கொண்டு நமக்குப் பழக்கமான செயலிகளை எடைபோடலாம். சாதாரண எஸ்.எம்.எஸ். அஞ்சலட்டையே, தொலைபேசி நிறுவனத்தின் கண்ணுக்கு அது மறைந்ததன்று. டெலிகிராம் செயலியைப் பலர் மிகவும் இரகசியமானது என்று எண்ணுகின்றனர். அதில் நாம் வழக்கமாக நடத்தும் உரையாடல்கள் நிறுவனத்தின் கணினிகளில் சேமிக்கப்படுகின்றன. முனைக்கு முனை மறையாக்கம் அவற்றுக்கு இல்லை. இருவர் தம்முள் தனியே தொடங்கும் "இரகசிய உரையாடல்" ஒன்றே அவ்வாறு பூட்டப்படுகிறது. குழுக்களுக்கு அவ்வசதி கிடையாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் "அரட்டை" செயலி, 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் நாடெங்கும் திடீரெனப் பரவியது. தமிழ்ப் பெயர் கொண்ட செயலி இந்தியா முழுவதும் செல்வது நமக்கு மகிழ்ச்சி தருவதே. எனினும் அச்சமயத்தில் அதில் குரல் அழைப்புகளும் காட்சி அழைப்புகளும் முனைக்கு முனை பூட்டப்பட்டிருந்தனவேயன்றி, எழுத்துச் செய்திகள் அவ்வாறு பூட்டப்படவில்லை. இத்தகைய வசதிகள் பின்னர் சேர்க்கப்படுவதும் உண்டு. ஆதலால் எச்செயலியை ஏற்பதாயினும், எழுத்து, அழைப்பு, குழு ஆகிய மூன்றும் இயல்பாகவே பூட்டப்படுகின்றனவா என்று அன்றைய நிலையை விசாரித்து அறிதல் நலம்.

அழைப்புகளைப் பற்றியும் ஒரு சொல். சாதாரணத் தொலைபேசிப் பேச்சை நிறுவனத்தின் வாயிலாக ஒட்டுக்கேட்க இயலும். அதற்கு முறையான அரசாணை வேண்டும், அவ்வாணையை உயர் குழு ஆராய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு டிசம்பரில் வரையறை செய்தது. அவ்வரையறை மீறப்பட்டதாகவும், தெலங்கானா மாநில உளவுப் பிரிவில் அரசியல்வாதிகள் முதலானோரின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டதாகவும் 2024ஆம் ஆண்டு மார்ச்சில் ஹைதராபாத்தில் வழக்குப் பதிவாகி, காவல் அதிகாரிகள் சிலர் கைதாயினர். குற்றச்சாட்டின் உண்மையைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. மனம் விட்டுப் பேச வேண்டிய குடும்ப விவகாரங்களுக்குப் பூட்டப்பட்ட செயலி அழைப்பு ஏற்றது என்பது நாம் கொள்ளத்தக்க பாடம்.

இரண்டாவது இடம், நிறுவனம். உறைக்குள் இருப்பதை அது படிக்க இயலாது என்பது மெய்யே. ஆனால் உறையின் மேல் எழுதியதை அது காண்கிறது. யார் யாருடன், எந்நேரத்தில், எத்தனை முறை தொடர்புகொண்டனர் என்பதும், நம் முகவரிப் பட்டியலில் உள்ள எண்களும் செயலிக்குச் செயலி வெவ்வேறு அளவில் நிறுவனத்தின் கைக்குச் செல்கின்றன. ஒருவர் நள்ளிரவில் மருத்துவமனைக்கும், மறுநாள் காலையில் கடன் கொடுப்பவருக்கும் பேசினார் என்றால், பேச்சைக் கேளாமலே அவருடைய துன்பத்தை ஊகித்துவிடலாம் அன்றோ?

இங்கும் செயலிக்குச் செயலி வேறுபாடு உண்டு. சிக்னல் செயலியை இலாப நோக்கற்ற அறநிறுவனம் ஒன்று நடத்துகிறது. 2016ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று, பயனாளர் பற்றிய விவரங்களைத் தருமாறு சிக்னலைக் கேட்டது. கணக்குத் தொடங்கிய நாள், கடைசியாக இணைந்த நாள் ஆகிய இரண்டைத் தவிரத் தர அதனிடம் ஒன்றும் இல்லை. சேர்த்து வைக்காத பொருளை எவரும் பறிக்க இயலாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. வாட்ஸ்அப் மெட்டா நிறுவனத்துக்கு உரியது. 2021ஆம் ஆண்டு ஜனவரியில் அது வெளியிட்ட புதிய விதிமுறைகள் பெருங் கலக்கத்தை விளைத்தன. அவ்விதிமுறைகளைப் பயனாளர்மீது திணித்த முறை குறித்து இந்தியப் போட்டி ஆணையம் 2024ஆம் ஆண்டு நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. அதன்மேல் முறையீடும் எழுந்தது.

நாம் பிறரிடம் ஒப்படைத்த காகிதம் நம்முடையது அன்றாகிவிடுமா என்னும் கேள்விக்கும் ஹைதராபாத்தே ஒரு விடை அளித்திருக்கிறது. ஆந்திரப் பிரதேசத்தில் 1986ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டத் திருத்தம், கலெக்டர் அதிகாரம் அளித்த எவரும் எவ்விடத்திலும் புகுந்து ஆவணங்களைச் சோதிக்கலாம் என்று கூறியது. கனரா வங்கி இதனை எதிர்த்தது. ஹைதராபாத் மாவட்டப் பதிவாளரும் கலெக்டரும் ஒரு தரப்பாகவும் வங்கி மறு தரப்பாகவும் நின்ற அவ்வழக்கில், 2004ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. அந்தரங்கம் இடத்தைச் சார்ந்ததன்று, மனிதரைச் சார்ந்தது. வங்கியிடம் ஒப்படைத்ததனால் மட்டும் ஓர் ஆவணத்தின் அந்தரங்கம் அழிந்துவிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக உரைத்தபோதும் இத்தீர்ப்பு நினைவுகூரப்பட்டது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கு அது.

அரசின் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. வதந்தியைப் பரப்புவோரையும் பெண்களையும் குழந்தைகளையும் இழிவுபடுத்துவோரையும் பூட்டிய உறைக்குள் எங்ஙனம் கண்டுபிடிப்பது என்பது அது. 2018ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு ஒன்றில் இவ்வினாவே விவாதிக்கப்பட்டு, பின்னர் அவ்வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒரு செய்தியை முதன்முதல் அனுப்பியவரைக் கண்டறிந்து கூற வேண்டும் என்று பெரிய செயலிகளைப் பணித்தன. அதை எதிர்த்து வாட்ஸ்அப் அவ்வாண்டு மே மாதத்தில் டில்லி உயர் நீதிமன்றத்தை அணுகிற்று. ஒருவரைக் கண்டறிய வேண்டின் எல்லோருடைய உறையிலும் அடையாளம் இட வேண்டும் என்பதே இதிலுள்ள சங்கடம். இரு தரப்பையும் அறிந்து வைத்தல் குடிமக்களாகிய நமக்கு நலம்.

அப்படியாயின் எச்செயலியைத் தேர்ந்தெடுப்பது? ஊரிலுள்ள அத்தையும் மாமாவும் வாட்ஸ்அப்பில் இருக்க, நாம் மட்டும் வேறொன்றில் இருந்து பயன் இல்லை. ஆதலின் அன்றாட நலவிசாரிப்புக்கு வாட்ஸ்அப்பையே வைத்துக்கொண்டு, அதன் காவல்களைச் சரிசெய்துகொள்ளலாம். நோய், பணம், வழக்கு, திருமணப் பேச்சு ஆகியவற்றுக்கு நெருங்கியவர் நால்வர் ஐவர் மட்டும் சிக்னலில் இணைந்துகொள்வது விரும்பத்தக்கது. 2024ஆம் ஆண்டு முதல் சிக்னலில் தொலைபேசி எண்ணைப் பிறர்க்குக் காட்டாமலே பயனர் பெயரைக் கொண்டு பழகும் வசதியும் உண்டு. தமிழ்ச் சங்கக் குழுக்களில் முகமறியாதவர் நடுவே எண்ணை வெளியிடத் தயங்கும் பெண்களுக்கு இது பெருந்துணை. டெலிகிராம் பொது அறிவிப்புகளைப் படிப்பதற்கு உதவும். குடும்ப இரகசியத்துக்கு உரிய இடமன்று.

மூன்றாவது இடம், நம் கை. 2021இல் ஹைதராபாத் தெருவில் திறந்து நின்ற வாயில் இதுவே. இதைக் காப்பதற்குப் பெரும் படிப்பு வேண்டா; சில பழக்கங்கள் போதும்.

கைபேசித் திரைக்கு ஆறு இலக்கத்துக்குக் குறையாத இரகசிய எண் இருத்தல் வேண்டும். பூட்டிய திரையின் மீதே செய்தியின் வாசகம் தோன்றுவதை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் பூட்டிய வீட்டின் திண்ணையில் கடிதத்தைப் பிரித்து வைத்தது போலாகும். வாட்ஸ்அப்பிலுள்ள "இரு படிச் சரிபார்ப்பு" என்னும் காவலை இயக்கி, ஆறு இலக்க எண் ஒன்றை நாமே அமைத்துக்கொண்டால், நம் எண்ணைப் பிறர் தம் கைபேசியில் பதிவுசெய்வது கடினமாகும். "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்னும் பகுதியை மாதம் ஒருமுறை பார்த்தல் நன்று. அலுவலகக் கணினியில் திறந்துவிட்டு மூட மறந்த வாட்ஸ்அப் அங்கே தெரியும்; உடனே நீக்கிவிடலாம்.

செய்திகளின் காப்புப் படி கூகுள் கணக்கிலோ ஐகிளவுடிலோ தங்குகிறது. வழியிலே பூட்டப்பட்ட செய்தி, அங்கே அதே பூட்டின்றிக் கிடக்கக்கூடும். 2021ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் அப்படியையும் கடவுச்சொல்லால் பூட்டும் வசதியை வாட்ஸ்அப் அளித்து வருகிறது. அதை நாமே இயக்க வேண்டும். அக்கடவுச்சொல் மறந்துபோனால் பழைய செய்திகளை எவராலும் மீட்க முடியாது. ஆகையால் அதை வீட்டிலுள்ள பெட்டியில் எழுதி வைத்தல் வேண்டும். ஒரு நாள், ஏழு நாள், 90 நாள் என எல்லை வைத்துத் தாமாகவே "மறையும் செய்திகள்" என்னும் ஏற்பாடும் உண்டு. ஆதார் அட்டையின் படத்தையும் வங்கி விவரத்தையும் அனுப்பும்போது இது பயன்படும். ஆயினும் பெற்றவர் படமெடுத்து வைத்துக்கொள்வதை இது தடுக்காது என்பதை மறத்தல் கூடாது.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குச் செல்லும்போது செய்யத்தக்க செயல் ஒன்று. ஒவ்வோர் உரையாடலுக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. பெற்றோரின் கைபேசியையும் நம்முடையதையும் அருகருகே வைத்து அவ்வெண்ணை ஒப்பிட்டுவிட்டால், இடையில் வேறெவரும் புகவில்லை என்பது உறுதியாகும். பின்னொரு நாள் "பாதுகாப்பு எண் மாறியது" என்ற அறிவிப்பு வந்தால், புதுக் கைபேசி வாங்கினார்களா என்று அழைத்து விசாரிக்கலாம்.

மாநிலம் விட்டு மாநிலம் செல்வோர் சிறப்பாகக் கருத வேண்டியது தொலைபேசி எண்ணைப் பற்றியது. தமிழ்நாட்டு எண்ணை விட்டுத் தெலங்கானா எண்ணுக்கு மாறுவோர் பலர். கைவிடப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து நிறுவனம் வேறொருவருக்கு வழங்கலாம் என்பது 2023ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முன் எடுத்துரைக்கப்பட்டது. எண்ணைப் புதிதாகப் பெற்றவர் பழைய செய்திகளைக் காணாமல் தடுக்கும் பொறுப்பு முதலில் பயனாளருடையதே என்று நீதிமன்றமும் கருத்துத் தெரிவித்தது. ஊரிலுள்ள சித்தப்பா நம் பழைய எண்ணுக்கே பத்திரத்தின் படத்தை அனுப்பக்கூடும்; அவ்வெண் அப்போது யார் கையிலோ இருக்கும். ஆதலால் சிம் அட்டையைக் கைவிடுமுன் செயலியில் "எண்ணை மாற்று" என்னும் வழியாகப் புதிய எண்ணைப் பதிந்து, உறவினருக்கு அறிவித்து, வங்கியிலும் ஆதாரிலும் எண்ணைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் தெளிவாக உணர வேண்டும். பூட்டு, வஞ்சகனின் செய்தியையும் பத்திரமாகவே கொண்டுவந்து சேர்க்கும். மறையாக்கம் செய்தியைக் காக்குமேயன்றி, சொல்பவர் நேர்மையானவரா என்று சொல்லாது. "நான் காவல் அதிகாரி, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறேன்" என்று காட்சி அழைப்பில் மிரட்டிப் பணம் பறிப்பவர் உளர். அத்தகைய கைது நம் சட்டத்தில் இல்லை. தம்பியின் பெயரில் புதிய எண்ணிலிருந்து அவசரப் பண உதவி கேட்டு எழுத்து வந்தால், பழைய எண்ணில் அழைத்துக் குரலைக் கேட்ட பின்பே அனுப்புதல் தகும். ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்பினும் தரலாகாது. பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணை அழைப்பதில் ஒரு மணி நேரமும் தாமதித்தல் கூடாது.

நிற்க, காவலர் தெருவில் கைபேசியைக் கேட்டால் என்ன செய்வது? புது ஊரில், புது மொழியில், இக்கேள்விக்கு முன் நிற்கும் இளைஞர் அச்சமுறுதல் இயல்பே. எந்த வழக்குக்காக, எந்த ஆணையின்பேரில் கேட்கிறீர்கள் என்று பணிவுடன் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. 2021ஆம் ஆண்டு மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம், கைபேசியைச் சோதனையிட நீதிமன்ற ஆணை வேண்டும் என்றும், தவிர்க்க இயலாத அவசரத்தில் காரணங்களை எழுத்தில் பதிவுசெய்தே சோதிக்கலாம் என்றும் கூறியிருக்கிறது. அது கர்நாடகத்தில் எழுந்த தீர்ப்பாயினும், சட்டம் எத்திசையில் நோக்குகிறது என்பதைக் காட்டுகிறது. வாக்குவாதமோ கைகலப்போ தகாது. அந்நேரத்தில் செய்திகளை அழிக்க முற்படுவதும் தகாது. இசைவு என்பது கேட்டபின் மனமுவந்து தருவது. அஞ்சிக் கொடுத்ததை இசைவு என்று கொள்ளலாகாது என்பதை நாம் அறிந்திருந்தால், நம் பேச்சில் பணிவும் உறுதியும் ஒருங்கே அமையும்.

இறுதியாக, நம் கைபேசியில் இருப்பவை நம்முடைய அந்தரங்கங்கள் மட்டும் அல்ல. தமக்கையின் துயரம், நண்பரின் கடன், அண்டை வீட்டாரின் நோய் ஆகியவையும் நம்மை நம்பி அங்கே தங்கியிருக்கின்றன. அவற்றை அனுப்பியவரின் அனுமதியின்றி வேறு குழுவுக்குத் தள்ளிவிடுவோமாயின், எந்த மறையாக்கமும் அவர்களைக் காக்காது. செயலியை ஆராய்ந்து தேர்வோம். அதன் காவல்களை இன்று மாலையே ஒருமுறை சரிபார்ப்போம். வீட்டிலுள்ள முதியோருக்கும் பொறுமையுடன் அமைத்துக் கொடுப்போம். நம்மிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டதை நம்மோடு நிறுத்திக்கொள்ளும் பண்பு இக்காவல்கள் அனைத்துக்கும் அடித்தளமாகும்.